உப்பில்லாத கொடுவா

அக்கா,

அன்றைக்கு நம் வீட்டில் இருந்தவர்களைச் சொல்கிறேன், நீயும் சரிபார்த்துக்கொள். நீ. நான். என் வீட்டுக்காரர். நம் இருவருக்கும் நாத்தனாரான கன்னியம்மா. அவள் புருஷன் துரைசாமி. சூலூர்ப்பேட்டையிலிருந்து கூடையில் மீன் கொண்டுவந்த சுப்பம்மா. என் இடுப்பில் என் மகன் சேகர். அப்போது அவனுக்குப் பேச்சு வரவில்லை. இவர்களில் இன்றைக்கு மிச்சம் நானும் சேகரும்தான். மற்றவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்தாயிற்று. கடைசியாக, இந்த மழைக்காலத்தில், நீயும்.

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எழுத்து கோணலாகத்தான் வரும். ஆனால் நடந்தது எதுவும் எனக்குக் கோணலாக நினைவில் இல்லை. அது உனக்குத் தெரியும்.

இந்தக் கனுமப் பண்டிகைக்குச் சேகர் ஒரு கொடுவா வாங்கிவந்தான். பொங்கலுக்கு மறுநாள் பெரியவர்களுக்குப் படைக்கிற வழக்கத்தை இந்தத் திருப்பதி ஃபிளாட்டிலும் அவன் விடவில்லை. சமையல் மேடையில் மீனைக் கிடத்தி, விளக்கைப் போடாமல், கைபேசியின் டார்ச்சை அதன் முகத்தில் அடித்தான். கொடுவாயின் கண் எரிந்தது. செத்த மீனின் கண்தான். ஆனால் அடுப்புச் சாம்பலைக் கிளறும்போது உள்ளே கிடக்கும் கங்கு விழிக்குமே, அப்படி விழித்தது.

"பாரும்மா, நெருப்பு மாதிரி கீது" என்றான் சேகர். சிரித்தான்.

அதே கண்ணை அதே மாதிரி ஒருமுறை பார்த்தவள் நான். நகரியில், நம் பழைய வீட்டுச் சமையல்கட்டில், பட்டப்பகலில், கூரைக் கண்ணாடி வழியாக ஒரு கீற்று வெயில் மீன் தலைமேல் விழுந்தபோது. என் பக்கத்தில் நீ நின்றிருந்தாய். "இது நம்மளையே பாக்குது" என்றாய். நான் அதன்மேல் ஒரு வாழையிலையை மூடினேன்.

இப்போதும் முதல் வேலையாக இலையைத்தான் மூடினேன். அப்புறம்தான் மீனைச் சோதித்தேன். கடைக்காரன் சத்தியம் பண்ணினானாம், இது பழவேற்காட்டு ஏரி மீன், குட்டையில் வளர்த்தது இல்லை என்று. அவன் சத்தியம் எனக்கு எதற்கு. குட்டையில் தீனி போட்டு வளர்த்த கொடுவாய்க்கு வயிறு கல்யாணச் சமையல்காரன் வயிறு மாதிரி தொங்கும். அறுத்தால் குடலைச் சுற்றி வெள்ளைக் கொழுப்பு அப்பியிருக்கும். குழம்பில் போட்டால் சேற்று வாசனை கொத்தமல்லியையும் தாண்டி மேலே வரும். ஏரியும் கடலும் கலக்கிற முகத்துவாரத்தில், தானே துரத்திப் பிடித்துத் தின்று வளர்ந்த கொடுவா அப்படி இருக்காது. உடம்பு ஒடுக்கம், முதுகு வில், வால் விளிம்பு தேயாமல் முழுசாக இருக்கும். விரலால் அழுத்தினால் சதை திருப்பி அழுத்தும். கடைக்காரன் இந்த முறை பொய் சொல்லவில்லை. போன வருஷம் சொன்னான்; அது என் கணக்கில் இருக்கிறது.

மீனைப் பற்றி நம் வீட்டில் இவ்வளவு பேச்சு வந்ததே உன் வீட்டுக்காரரால்தான், என் வீட்டுக்காரரின் அண்ணனால்தான். சூலூர்ப்பேட்டையில் ஐஸ் போட்டுப் பெட்டிகளை ஏற்றி, காளஹஸ்தி, புத்தூர், நகரி என்று இறக்கிக்கொண்டே சித்தூர் வரைக்கும் மீன்வண்டி ஓட்டியவர். நல்ல கொடுவா கிடைத்தால் ஒன்றை நம் வாசலில் இறக்கிவிட்டுத்தான் வண்டி நகரும். நீ மண்சட்டியில் கடலை எண்ணெய் ஊற்றி, வெந்தயம் பொரியவிட்டு, சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசாகப் போட்டு, புளி கரைத்து ஊற்றுவாய். குழம்பு சுண்டி, எண்ணெய் பிரிந்து, கொதி அடங்கிய பிறகுதான் மீன். கொடுவாயைக் கொதிக்கவிடக் கூடாது, குளிக்கவிட வேண்டும் என்பாய். வெந்த துண்டு தாழம்பூ மாதிரி மடல் மடலாகப் பிரியும். வால் துண்டு உனக்கு. நடுத்துண்டு எங்களுக்கு. தலை அவருக்கு.

அவர் தலையைத் தின்கிற விதத்தை ஊரே வந்து பார்க்கலாம். கன்னத்துச் சதை, கண்ணுக்குப் பின்னால் இருக்கிற கொழகொழப்பு, உதடு, எதையும் விடமாட்டார். சப்பிய எலும்புகளை இலையின் மேல் விளிம்பில் சீப்புப் பல் மாதிரி வரிசையாக அடுக்குவார். சின்னது முதலில், பெரியது கடைசியில். உப்பு மட்டும் அவருக்கு எவ்வளவு போட்டாலும் போதாது. கேட்கவும் மாட்டார். எழுந்துபோய் மேல்தட்டிலிருந்த பீங்கான் சாடியைத் திறப்பார்; டக்கென்று மூடிச் சத்தம் கேட்கும். கல்லுப்பை இலை ஓரத்தில் வைத்து, தொட்டுத் தொட்டுத் தின்பார். மூடியைத் திரும்ப வைக்கும்போது குமிழ் உள்ளே போகும்படி தலைகீழாகக் கவிழ்த்துவிடுவார்.

"குமிழ் மேல இருக்கணும்னு எத்தினி வாட்டி சொல்றது" என்று நீ கத்துவாய். அவர் காதில் விழுந்ததாகக் காட்டிக்கொண்டதே இல்லை.

அந்த வருஷத்து ஐப்பசி மழையில் காளஹஸ்திக்கு அந்தப் பக்கம் ஓர் ஓடையில் வண்டி மூக்குக் குத்திக் கிடந்தது. கதவு திறந்திருந்தது. ஐஸ் பெட்டிகள் முள்ளில் சிக்கியிருந்தன. ஆளைக் காணோம். என் வீட்டுக்காரரும் துரைசாமியும் ஓடை ஏரியில் விழுகிற இடம் வரைக்கும் தேடிவிட்டு, சேறும் வெறுங்கையுமாகத் திரும்பி வந்தார்கள். கார்த்திகை போனது, மார்கழியும் முடியப் போனது. நீ தினமும் குளித்து, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, தறிக்குத் தார்க் கட்டையில் நூல் சுற்ற உட்கார்ந்தாய். உன் பொட்டைப் பார்த்துத் தெருவே கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போயிற்று.

கன்னியம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. அவளுக்கு ஒரு கனவு. தம்பி சொட்டச் சொட்ட நனைந்து வாசலில் நிற்கிறானாம், பசிக்கிறது என்கிறானாம், உள்ளே கூப்பிட யாரும் இல்லையாம். கனவு வந்த ஒவ்வொரு விடியலிலும் பஸ் ஏறி வந்து உன் எதிரில் உட்கார்ந்து அழுவாள். காரியம் பண்ணாமல் அவனை அலையவிடுகிறாய் என்பாள். உன் கழுத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வாள்.

நீ ஒருநாள் தார்க் கட்டையை நிறுத்தினாய்.

"உடம்பைக் காட்டுங்க. நானே கழட்டிக் குடுத்துடறேன். உடம்பு இல்லாம என் தாலியைக் கேக்காதீங்க."

அப்போதுதான் கன்னியம்மா அந்த வழியைச் சொன்னாள். வரப்போகிற கனுமப் பண்டிகைக்கு மற்ற பெரியவர்களோடு அவனுக்கும் ஓர் இலை போடுவோம். அவனுக்குப் பிடித்த கொடுவாத் தலையை வைப்போம். "வந்து தொட்டான்னா போய்ட்டான். தொடலன்னா எங்கியோ உசிரோட கீறான். அப்புறம் நான் இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்" என்றாள்.

வந்தால் செத்தவன், வராவிட்டால் உயிரோடு இருப்பவன். உலகத்தில் வேறு யாராவது இப்படி ஒரு பரீட்சை வைப்பார்களா, தெரியாது. நம் வீட்டில் அது எல்லாருக்கும் நியாயமாகவே பட்டது. எனக்கும் பட்டது. உனக்கும்தான். "வர மாட்டார். வைங்க" என்று சம்மதித்தாய். உன் தாலி அன்றைக்கு ஒரு மீன் தலையில் தொங்கியது.

கொடுவாயைச் சுப்பம்மா கொண்டுவந்தாள். கை முழுக்க வளையல், வாய் முழுக்க வெற்றிலை, பாதி தெலுங்கு பாதி தமிழ். கூடையைத் திறந்ததும் மீனைத் தூக்கி உன் கையில் கொடுத்தாள். குழந்தை கனம் இருந்தது. இது பொட்டைதான், சந்தேகமே வேண்டாம் என்றாள். கொடுவா பொறக்கும்போது ஆணாகத்தான் பொறக்கும், வளர்ந்து பெரிசானால் பெண்ணாக மாறிவிடும், பெரிய கொடுவாயில் ஆணையே பார்க்க முடியாது என்றாள்.

"ஆம்பளையா இருந்தது எங்க போவுது அப்போ?" என்றாய் நீ.

"எவரிக்கி தெலுசும்மா, யாருக்குத் தெரியும். தண்ணிக்குள்ள போய்ப் பாத்தவங்க யாரு."

அவள் சிரித்தாள், நீயும் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. ஒருத்தன் தண்ணீருக்குள் போய் வேறு யாராகவோ மாறிவிடுகிறான் என்பது எனக்கு அன்றைக்குச் சிரிக்கிற விஷயமாகத் தெரியவில்லை.

செத்தவர்களுக்கு வைக்கிற எதிலும் நம் வீட்டில் உப்புப் போடுவதில்லை. உப்புக்கல் பட்ட இலையைப் பெரியவர்கள் தொடமாட்டார்கள். படையலை எடுத்த பிறகுதான் மிச்சக் குழம்பில் உப்புப் போட்டு நாம் சாப்பிடுவது. அதனால் மீனைக் கழுவக்கூட நாம் உப்பு எடுக்கவில்லை; சாம்பலும் மஞ்சளும் போட்டுத் தேய்த்தோம். சாடியை மேல்தட்டில் தள்ளி வைத்தாய். குமிழ் மேலே இருக்கும்படி மூடியை வைத்தவளும் நீதான். நான் பார்த்தேன்.

நடுவீட்டில் இலைகள் போட்டோம். அவர் படத்தைச் சுவரில் சாய்த்து, கன்னியம்மா மாலை போட்டாள். மாலை போட்டதும் அந்த முகம் உடனே பழசாகிப்போனது. சோறு, வடை, மற்ற இலைகளுக்குக் குழம்பு. அவர் இலையில் முழுத் தலை, கண் மேலே பார்த்தபடி. முன்கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வாசலுக்கு வந்து, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். சமையல்கட்டின் பின்கதவு மட்டும் திறந்திருந்தது. முன்வாசல் வழியாகத் தூக்கிப் போனவர்கள் பின்வாசல் வழியாகத்தான் வருவார்கள் என்பது மாமியார் காலத்து வழக்கம்.

கனுமப் பண்டிகை என்பதால் ஊரில் ஒரு விசைத்தறியும் ஓடவில்லை. வருஷம் முழுக்கச் சடசடவென்று அடிக்கிற ஊர் ஓய்ந்துவிட்டால் காதுக்குள் ஒரு பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்தில் எல்லாச் சத்தமும் போய் விழும். சுப்பம்மாவின் வளையல். துரைசாமியின் மூச்சு. சேகர் என் தோளில் எச்சில் ஊறவைத்துக்கொண்டிருந்தான். திடீரென்று அவன் தலையைத் திருப்பி, சாத்திய கதவைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம், வீட்டு ஆட்களைப் பார்த்தால் நீட்டுவானே, அப்படிக் கையை நீட்டினான்.

உள்ளே டக்கென்று ஒரு சத்தம்.

கன்னியம்மா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள். எனக்கு அது எந்தச் சத்தம் என்று தெரிந்தது. உனக்கும் தெரிந்தது, உன் கை கழுத்துக்குப் போயிற்று. அது தாலியைக் காப்பாற்றப் போன கையா, சோதித்துப் பார்க்கப் போன கையா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கதவைத் திறந்தபோது மற்ற இலைகள் வைத்தபடியே இருந்தன. அவர் இலையில் தலை இல்லை. கன்னம் இல்லை, கண் இல்லை. எலும்புகள் மேல் விளிம்பில் வரிசையாக இருந்தன. சின்னது முதலில், பெரியது கடைசியில்.

கன்னியம்மா தரையில் விழுந்தாள். "வந்துட்டான்டி, என் தம்பி வந்துட்டான்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சுப்பம்மா வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் வீட்டுக்காரர் அண்ணன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

நீ அழவில்லை. இலைக்கு முன்னால் மண்டியிட்டாய். கும்பிடுகிறாய் என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் உன் பக்கத்தில் நின்றேன், அதனால் பார்த்தேன். இலையின் வலது ஓரத்தில் ஈரமாக நாலைந்து உப்புக்கல். நீ முந்தானையால் அவற்றை ஒரே இழுப்பில் துடைத்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாய். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை விவரிக்க என் ஐந்தாம் வகுப்புத் தமிழ் போதாது. கூரைக் கண்ணாடி வெயிலில் மீன் நம்மைப் பார்த்ததே, அது கொஞ்சம் பக்கத்தில் வரும்.

"வந்துட்டாரு" என்றாய், எல்லாருக்கும் கேட்கும்படி. "போய்ட்டாரு."

பரீட்சை வைத்த கன்னியம்மாவுக்கே அப்போது கை வரவில்லை. வேண்டாம்டி, நாள் பார்த்துச் செய்யலாம் என்று குழறினாள். நீ காத்திருக்கவில்லை. நீயே தலை வழியாகத் தாலியைக் கழற்றினாய். எலும்பு வரிசையின் கடைசியில், அந்தப் பெரிய எலும்புக்குப் பக்கத்தில் வைத்தாய். அதுவும் அவர் சப்பிப்போட்ட ஒன்று மாதிரி கிடந்தது.

அன்றைக்கு மிச்சக் குழம்பில் உப்புப் போட்டுச் சாப்பாடு நடந்தது. துரைசாமி இரண்டாம் தடவை சோறு வாங்கி, மீன் நல்ல ருசி என்றான். இதை நான் மறக்கவில்லை. அவன் சாவுக்குப் போய் மாலை போட்டபோதுகூட அந்த இரண்டாவது சோறு என் கண்முன் நின்றது. ஆனால் அவனை அத்தோடு மன்னித்துவிட்டேன். கன்னியம்மாவையும், படுக்கையில் கிடந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, பாதி மன்னித்தேன்.

சாயங்காலம் துவைகல்லில் நீ முந்தானையை அலசிக்கொண்டிருந்தாய். மேல்தட்டைப் பார்த்துவிட்டுத்தான் உன்னிடம் வந்தேன். சாடியின் மூடி கவிழ்ந்திருந்தது. குமிழ் உள்ளே. அதைச் சொல்ல வாயெடுத்தேன். நீ தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாய்.

"செத்தவன் உப்பு துன்ன மாட்டான், தெரியும். உசிரோட கீறவன் அந்தக் கதவைத் தொறந்துக்கினு வந்திருப்பான், அதுவும் தெரியும். ரெண்டுல எதுன்னு அவர் முடிவு பண்ணிட்டாரு. நானும் பண்ணிட்டேன்."

முந்தானையைப் பிழிந்து உதறினாய். ஆனால் எனக்குள் அன்றைக்குப் பற்றிக்கொண்டது இன்னும் அவியவில்லை. பின்வாசல் வழியாக வந்து, தன் படத்துக்கு மாலை போட்டிருப்பதைப் பார்த்து, கதவுக்கு அந்தப் பக்கம் பெண்டாட்டி உட்கார்ந்திருப்பது தெரிந்தே, சம்மணம் போட்டு உட்கார்ந்து, உப்பு போதவில்லை என்று எழுந்துபோய் எடுத்து வந்து, நிதானமாகத் தின்று, எலும்பை அடுக்கிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். எதை எடுக்க வந்தானோ, எதைச் சொல்ல வந்தானோ. மாலையைப் பார்த்ததும் அவனுக்கு வசதியாகப் போயிற்று. செத்தவனுக்கு யாரும் கேள்வி கேட்பதில்லை. இதுவரை அவர் என்று எழுதிவிட்டேன். இனிமேல் எனக்குக் கை வராது.

நீ கொடுவாயை அதற்கப்புறம் வாயில் வைக்கவில்லை. வாங்குவாய், செவுளைத் தூக்கிப் பார்ப்பாய், மீன்காரியோடு சண்டை போடுவாய், சமைப்பாய். சேகர் வளர்ந்தது உன் கைக் குழம்பில்தான். "பெரிம்மா வெச்ச கொடுவா மாதிரி வராது" என்று என்னிடமே சொல்லுவான். உன் தட்டில் மட்டும் வெறும் ரசம். யாராவது கேட்டால் முள் தொண்டையில் மாட்டும் என்பாய். முள்ளே குறைவான மீன் அது.

அப்புறம் ஒரு வெயில் காலத்தில், சேகருக்கு மீசை அரும்பியிருந்தபோது, தடா பக்கத்திலிருந்து ஒரு வயசாளி நம் வாசலில் வந்து நின்றானே. நீ தார் சுற்றிக்கொண்டிருந்தாய். அவன் தலைப்பாகைத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, தெலுங்கில் மென்று விழுங்கினான். எங்கள் ஊரில் ஒருத்தர் தவறிவிட்டார், மீன் ஏலம் விடுகிறவர், அங்கே அவருக்கு வீடு வாசல் உண்டு, சாகும்போது இந்த ஊரைச் சொன்னார், முகம் பார்க்க வருகிறீர்களா என்றான்.

நீ தாரை நிறுத்தவில்லை.

"எங்க ஊட்டு ஆம்பளை கனுமன்னிக்கே செத்துட்டாருப்பா. ஒருத்தன் ரெண்டு வாட்டி சாவானா?"

அவனுக்கு மோர் கொடுத்து, பஸ்ஸுக்கு வழி சொல்லி அனுப்பினாய். அவன் தெருமுனை திரும்பியதும் உன் முகம் மாறியது. துக்கம் என்று நான் நினைத்தேன். இல்லை, பயம். எழுந்துபோய்ப் பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாய்.

"இத்தினி நாளும் வரமாட்டாருன்னு நிம்மதியா இருந்தேன். இனிமேதான் வருவாரு" என்றாய்.

அதிலிருந்து ஒவ்வொரு கனுமப் பண்டிகைக்கும் நம் வீட்டுப் பின்கதவு சாத்தியே இருந்தது. பெரியவர்களுக்கு முன்கதவு போதும் என்று நீ சொன்னாய், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இலைகளைப் போட்டுவிட்டு வாசலில் உட்காரும்போது உப்புச் சாடியை உன் மடியில் வைத்துக்கொள்வாய். கவிழாமல் இருக்க மூடியின்மேல் உள்ளங்கை. ஒரு வருஷம் சமையல்கட்டு மேல்தட்டில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று லேசாக இடித்தன. ஒன்றைத் தள்ளி ஒன்றின் பின்னால் பார்க்கிற மாதிரி.

"தேடறாரு" என்றாய், காதோடு.

"எலிக்கா" என்றேன்.

"எலியாவே இருக்கட்டும்."

நீ போன பிறகு உன் பெட்டியில் எனக்கு வேண்டும் என்று நான் எடுத்துக்கொண்டது அந்தச் சாடி ஒன்றுதான். சேகரின் பெண்டாட்டி அதைப் பழைய சாமான் என்று பால்கனியில் வைத்தாள். நான் எடுத்து உள்ளே வைத்தேன். அவள் மறுபடி வைத்தாள். இதுவும் என் கணக்கில் இருக்கிறது.

இந்த வருஷம் முதல் முறையாக உனக்கு இலை. சேகர் உன் படத்தோடு இன்னொரு படத்தையும் பெட்டியிலிருந்து தேடி எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். பெரிப்பாவும் பெரிம்மாவும் சேர்ந்து இருக்கட்டும், ரெண்டு இலையாய்ப் போடு என்றான். அவனுக்கு என்ன தெரியும். அன்றைக்குச் சாத்திய கதவைப் பார்த்துக் கை நீட்டியவன் தான் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. அந்தப் படத்தை அவன் கையிலிருந்து வாங்கி, முகம் கீழே இருக்கும்படி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். மற்றவர்களுக்குப் போடுகிற இலைகளோடு உனக்கு ஒரே இலை போதும் என்றேன்.

கொடுவாயை நானே வைத்தேன். உப்பில்லாமல். கொதிக்கவிடாமல், குளிக்கவிட்டு. உன் இலையில் வால் துண்டு. அந்தக் கனுமப் பண்டிகைக்கு முந்தின காலத்தில் நீ வால் துண்டுக்காரி என்பதைத் தெரிந்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் மிச்சம். அவன் உன் வாயிலிருந்து எடுத்த ருசியை ஒருமுறையாவது உனக்குத் திருப்பி வைக்க நினைத்தேன். அவ்வளவுதான் என் ஆசை.

இந்த ஃபிளாட்டுக்குப் பின்வாசல் கிடையாது. பாத்திரம் கழுவுகிற பால்கனிக்கு ஒரு கதவு, மூன்றாவது மாடியில். அதைத் தாழ்ப்பாள் போட்டு, இழுத்தும் பார்த்தேன். முன்கதவைச் சும்மா சாத்திவிட்டு, நீ அந்த வழியாக வா என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, நடைவழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கதவுக்கு முதுகு. மடியில் சாடி, மூடியின்மேல் என் இரண்டு கையும். சேகரும் அவன் பெண்டாட்டியும் படியில் உட்கார்ந்தார்கள். லிஃப்ட் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கீழே யாரோ தெலுங்கில் சண்டை போட்டார்கள். அப்புறம் கரண்ட் போயிற்று. லிஃப்ட் நின்றது, மின்விசிறிகள் நின்றன, நம் ஊர் தறி நின்ற மாதிரி எல்லாம் ஒரேயடியாக நின்றது.

உள்ளே சமையல் மேடையில் ஒரு சில்வர் பாத்திரம் நகர்ந்தது. இன்னொன்று. தட்டில் இருந்த டப்பாக்கள் ஒன்றைத் தள்ளி ஒன்று.

சேகர் என்னைப் பார்த்தான். "பூனையாம்மா?"

மூன்றாவது மாடியில், சாத்திய வீட்டில், பூனை. தேடட்டும் என்று இருந்தேன். சாடி என்னிடம் இருக்கிறது என்று இருந்தேன்.

கரண்ட் வந்ததும் சேகர் கதவைத் திறந்தான். உன் இலை வைத்தது வைத்தபடி இருந்தது. வால் துண்டில் ஒரு மடல் பிரியவில்லை. "பெரிம்மா வரல போல" என்று அவன் முகம் வாடிப்போனது. பால்கனிக் கதவின் தாழ்ப்பாளும் போட்டது போட்டபடி இருந்தது.

எழுந்திருக்கலாம் என்று கையை எடுத்தேன். மூடியில் குமிழ் இல்லை. என் இரண்டு கைக்கும் கீழே, என் மடியிலேயே, அது கவிழ்ந்திருந்தது. குமிழ் உள்ளே, உப்புக்குள் புதைந்து.

நான் வைத்தது நேராக. சாமி சத்தியமாக நேராக.

நீ ஏன் வரவில்லை என்று எனக்கு அப்போது புரிந்தது. அவன் நுழைந்த வீட்டில் நீ எப்படி வந்து உட்காருவாய். உயிரோடு இருந்தபோது உன் கழுத்தை வெறுமையாக்கினான், உன் நாக்கை வெறுமையாக்கினான். இப்போது உனக்கென்று வைத்த முதல் இலையையும் வெறுமையாக்கிவிட்டான். சாடியைத் திறந்து, கையளவு கல்லுப்பை அள்ளி, அவன் மறுபடி தாண்டி வராதபடி பால்கனி வாசற்படி நெடுகப் போட்டேன். சேகரின் பெண்டாட்டி பெருக்க வந்தாள். துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டேன். அந்த உப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. இரவில் காற்றின் ஈரம் குடித்து, காலையில் உன் முந்தானையில் இருந்த மாதிரி ஈரமாக இருக்கிறது. அடுத்த வருஷம் உன் வால் துண்டை மறுபடி வைப்பேன். நான் இருக்கும்வரை வைப்பேன். சாடி என் மடியில் இருக்கும்.

மேலே, அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் என்று எழுதியதில் ஒரு பெயரை விட்டிருக்கிறேன். மறந்து விடவில்லை. புருஷனின் அண்ணன் பெயரைத் தம்பி பெண்டாட்டி வாயால் சொல்லக் கூடாது என்று வளர்த்தார்கள். நீயும் ஒருநாளும் சொன்னதில்லை. எழுதக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. துரைசாமியை மன்னித்தேன். கன்னியம்மாவைப் பாதி மன்னித்தேன். மீதியையும் இதோ உனக்காக விட்டுவிடுகிறேன். ஒருவனை மட்டும் மாட்டேன், இங்கேயும் மாட்டேன், நீ இருக்கிற இடத்துக்கு வந்த பிறகும் மாட்டேன். அன்றைக்கு வீட்டுக்குள் இருந்த இன்னொருவன், முனிரத்தினம்.